கரைக்கும் ஊசியா, ரத்தக் கட்டியை இழுக்கும் குழாயா? மூளை ரத்தக்குழாய் அடைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியப்பா கையிலிருந்த காபி டம்ளர் நழுவி விழுந்தது. "என்னங்க ஆச்சு?" என்று பெரியம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் யாருக்கும் புரியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் டாக்டர் வெளியே வந்தார். "கரைக்கிற ஊசி போட்டிருக்கோம். ஆனா அடைப்பு பெரிய குழாய்ல இருக்கு. தொடை வழியா டியூப் விட்டு ரத்தக் கட்டியை எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அங்கேயே குடும்ப மாநாடு ஆரம்பித்துவிட்டது. ஊசிதான் போட்டாச்சே, இது எதற்கு? மூளைக்குள் கம்பி விட்டால் ஆபத்தில்லையா? துபாயில் இருக்கும் அண்ணனைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அண்ணன் போனை எடுத்துப் பேசி முடிக்க 40 நிமிஷம் ஆனது. அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியாத கேள்விகளையும், பிறகு அக்கம்பக்கத்தில் என்னிடம் கேட்கப்பட்டவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. படித்தும் டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் இது. உங்கள் வீட்டு நோயாளியைப் பற்றிய முடிவை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரோக் (பக்கவாதம்) என்றாலே அடைப்புதானா?

இல்லை. பெரும்பாலானவை அடைப்பு, மீதி ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிடி ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும். கசிவுக்குக் கரைக்கும் ஊசி போட்டால் விபரீதமாகிவிடும் என்பதால்தான் ஸ்கேனுக்கு முன் யாரும் ஊசியைத் தொடுவதில்லை. இனி நான் எழுதுவதெல்லாம் அடைப்பைப் பற்றி மட்டும்.

"மருந்து சிகிச்சை" என்றால் மாத்திரை மட்டும்தானா?

முதலில் வருவது கரைக்கும் ஊசி. ஆல்டிப்ளேஸ் என்ற மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்று 1995-ல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். 2008-ல் ஐரோப்பாவில் நடந்த சோதனை அந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. எடைக்கு ஏற்ற அளவில் பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றிவிட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதன் தம்பி டெனெக்டிப்ளேஸ். ஒரே தடவையில் ஏற்றிவிடலாம் என்பதால் ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு வசதி. இந்தியாவில் இது பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கா ஸ்ட்ரோக்குக்கு அனுமதி கொடுத்ததே 2025-ல்தான்.

அதன் பிறகுதான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் (ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை), கொலஸ்ட்ரால் மாத்திரை, பிபி, சுகர் கட்டுப்பாடு எல்லாம். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்து கட்டி அங்கிருந்து கிளம்பியிருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மாத்திரை. ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கென்று தனி வார்டு வைத்து, விழுங்க முடிகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று நர்ஸ்கள் மணிக்கு மணி பார்ப்பதும் மருந்து சிகிச்சையின் பகுதிதான். பேர் வாங்காத பகுதி, ஆனால் உயிர் காக்கும் பகுதி.

ஊசி போட்டாச்சு. அப்புறம் குழாய் எதற்கு?

அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஊசி மருந்து ரத்தத்தோடு போய்க் கட்டியின் மேல்பரப்பைத் தொட்டு அரிக்கிறது. கட்டி சின்னதாக, நுனிக் கிளையில் இருந்தால் கரைந்துவிடும். ஆனால் கழுத்து வழியாக மண்டைக்குள் ஏறும் முக்கியக் குழாயிலோ, அதிலிருந்து பிரியும் நடு மூளைத் தமனியின் அடிப்பகுதியிலோ நீளமான கட்டி அடைத்திருந்தால் கதை வேறு. அடைபட்ட குழாயில் ரத்தம் ஓடாது, ஓடாத இடத்தில் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான கட்டி ஊசியால் மட்டும் கரைவது மிகவும் அரிது என்று 2011-ல் ஜெர்மனியில் அளந்து காட்டினார்கள். சமையலறைத் தொட்டிக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் வெந்நீர் ஊற்றிப் பார்க்கலாம். கரண்டியே போய்ச் சிக்கினால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஊசியும் குழாயும் போட்டியாளர்கள் அல்ல என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்கிறதா என்று காத்திருக்காமல் அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை. இரண்டையும் ஒப்பிட்ட பெரிய சோதனைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பக்கமும் ஊசி போட்டிருந்தார்கள். "ஊசி மட்டும் போதுமா, மேற்கொண்டு குழாயும் வேண்டுமா" என்பதே அங்கே கேள்வி.

குழாய் விடுவது எப்படி நடக்கிறது?

தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ சின்னத் துளை போட்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே மெல்லிய குழாயை மேலே ஏற்றுகிறார்கள். மண்டையைத் திறப்பதில்லை. கட்டி இருக்கும் இடத்தில் குழாய்க்குள்ளிருந்து ஒரு கம்பிவலையை விரிக்கிறார்கள். சில நிமிஷம் பொறுத்தால் வலையின் கண்களில் கட்டி சிக்கிக்கொள்ளும். அப்படியே வெளியே இழுக்கிறார்கள். இல்லையென்றால் அகலமான குழாயைக் கட்டியின் வாயில் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். பல நேரம் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். வலை உள்ளே தங்குவதில்லை, கட்டியோடு வெளியே வந்துவிடும். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பாவிடமிருந்து எடுத்ததை டாக்டர் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். அடர் சிவப்பு, மண்புழுத் துண்டு மாதிரி. என் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது. "இவ்வளவுதாங்க" என்றார். இவ்வளவுக்குத்தான் ஒரு மனுஷனின் பேச்சும் வலக்கையும் போயிருந்தன.

குழாய்தான் மேல் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இதில் ஒரு தோல்விக் கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொன்னால் நம்பிக்கை வராது.

2013-ல் மூன்று பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. மூன்றிலும் குழாய் சிகிச்சை மருந்தை வெல்லவில்லை. அவற்றில் பெரியது 656 பேரைச் சேர்த்த ஐஎம்எஸ் 3. மூன்று மாதம் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் குழாய் பக்கம் 40.8 சதவீதம், மருந்து பக்கம் 38.7. கிட்டத்தட்ட ஒன்றுதான். பல நரம்பியல் டாக்டர்கள் இந்த வைத்தியமே வேலைக்காகாது என்று நினைத்தார்கள்.

தப்பு எங்கே என்று பிறகு புரிந்தது. நிறையப் பேருக்குப் பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ ஸ்கேனில் முன்கூட்டியே பார்க்கவில்லை. அடைப்பே இல்லாதவருக்கு எதை எடுப்பது? கருவிகளும் பழையவை, கார்க் திருகி மாதிரி ஒன்றை வைத்து இழுத்தார்கள். நேரமும் ஏகமாக வீணானது.

நெதர்லாந்துக்காரர்கள் இதைச் சரிசெய்தார்கள். எம்ஆர் கிளீன் என்ற அவர்களுடைய சோதனையில் 16 ஆஸ்பத்திரிகள், 500 நோயாளிகள். எல்லோருக்கும் அடைப்பு படத்தில் உறுதியாக வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், பெரும்பாலும் புதிய கம்பிவலைக் கருவி. இன்னொரு சாமர்த்தியமும் நடந்தது. 2013 முதல், சோதனைக்குள் வந்தால்தான் குழாய் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் என்று அந்நாட்டில் வைத்தார்கள். 'இவருக்குக் கட்டாயம் பலிக்கும்' என்று டாக்டர் ஒருவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்துவிடும் வழக்கம் அதோடு அடைபட்டது. முடிவு: தன் காரியம் பார்த்துக்கொள்பவர்கள் குழாய் பெற்றவர்களில் 32.6 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 19.1.

அந்தச் செய்தி வந்ததும் கனடா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின், அமெரிக்கா என்று நடந்துகொண்டிருந்த சோதனைகள் தங்கள் கணக்கையும் எடுத்துப் பார்த்தன. எல்லாம் அதே பக்கம் சாய்ந்தன. ஐந்தையும் சேர்த்து 1,287 பேரின் கணக்கை 2016-ல் வெளியிட்டார்கள். குழாய் சிகிச்சையும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தார்கள், மருந்து மட்டும் பெற்றவர்களில் 26.5 சதவீதம் பேர். சுமார் மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருடைய ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இப்படி ஒரு கணக்கு அபூர்வம்.

திருப்பிப் பார்த்தால், குழாய் பெற்றவர்களிலும் பாதிக்கு மேல் அந்த நிலைக்கு வரவில்லை. இதை வீட்டாரிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் குறை. கட்டி வெளியே வந்துவிட்டது என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

"தன் காரியம் பார்த்துக்கொள்வது" என்பதை எப்படி அளக்கிறார்கள்?

0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. 0 என்றால் ஒரு குறையும் இல்லை, 6 என்றால் மரணம். 2 வரை நல்ல முடிவு. பழைய வேலை எல்லாம் முடியாது, ஆனால் வீட்டையும் கணக்கையும் தானே பார்த்துக்கொள்வார். 3 என்றால் நடப்பார், சில காரியங்களுக்குக் கை உதவி வேண்டும். பெரியப்பா இன்றைக்குத் தனியாக பேங்க்குக்குப் போய் வருகிறார். சட்டையின் மேல் பொத்தான் மட்டும் பெரியம்மாதான் போடுகிறார். அவரை 2 என்பதா 3 என்பதா என்று எங்களுக்குள் சண்டை.

ஆபத்து என்ன?

குழாய் நுனி ரத்தக்குழாயைத் துளைத்துவிடலாம். கட்டியின் துண்டு உடைந்து வேறு கிளையில் போய் அடைக்கலாம். தொடையில் ரத்தம் கட்டலாம். ஆனால் எல்லோரும் பயப்படும் மூளைக் கசிவு அந்த 1,287 பேர் கணக்கில் குழாய் பக்கம் 4.4 சதவீதம், மருந்து பக்கம் 4.3. பெரிய ரத்தக்குழாய் அடைப்பில் கசிவுப் பயத்தால் குழாய் சிகிச்சையை மறுப்பது கணக்குக்கு ஒத்துவராது. சும்மா இருப்பதில்தான் ஆபத்து அதிகம்.

கட்டி வெளியே வந்த பிறகு பிபியை ஒரேயடியாக இறக்கினால் நல்லது என்று முன்பு நினைத்தார்கள். மேல் பிபியை 120-க்குக் கீழே கொண்டுபோனவர்கள் மோசமானார்கள் என்று 2022-ல் சீனாவில் நடந்த சோதனை காட்டியது. "பிபி 150 இருக்கே, ஏன் மாத்திரை தரலை?" என்று நர்ஸிடம் சண்டை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. தூங்கி எழுந்தபோதே இப்படித்தான் இருந்தார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

2017 வரை பெரும்பாலும் அதுதான் பதில். இப்போது இல்லை.

அடைப்புக்குப் பின்னால் இருக்கும் மூளை எல்லாம் ஒரே சமயத்தில் சாவதில்லை. நடுப்பகுதி சீக்கிரம் போய்விடும். சுற்றியுள்ள பகுதி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசியும் கொஞ்ச ரத்தத்தில் குற்றுயிராகக் கிடக்கும். சிலருக்கு அந்தப் பக்கவழி ரத்தம் தாராளம், பத்து மணி நேரம் கழித்தும் காப்பாற்ற மூளை மிச்சமிருக்கும். சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், செத்தது எவ்வளவு, உயிரோடு இருப்பது எவ்வளவு என்று ஸ்கேனில் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2018-ல் வந்த டான் சோதனை 6 முதல் 24 மணி நேரம் வரையானவர்களை எடுத்தது. குழாய் பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள், மற்றவர்களில் 13 சதவீதம். 16 மணி நேரம் வரை பார்த்த டிஃபியூஸ் 3 சோதனையில் அதுவே 45 சதவீதம், 17 சதவீதம். தூங்கி எழுந்தவர்களில் சிலருக்கு எம்ஆர்ஐ பார்த்து ஊசி போடவும் வழி இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, '24 மணி நேரம் இருக்கே, டிபன் சாப்பிட்டுட்டுப் போகலாம்' என்று நினைத்தால் கெட்டது குடி. இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உங்கள் வீட்டு ஆள் எந்த ரகம் என்று ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஸ்கேனில் மூளை நிறையப் பாதித்துவிட்டது என்கிறார்கள். அப்போதும் செய்யலாமா?

முன்பு கையை விரித்துவிடுவார்கள். 2022-ல் ஜப்பானில் இப்படிப்பட்ட 203 பேரை வைத்துப் பார்த்தார்கள். நடக்கும் அளவுக்காவது தேறியவர்கள் 31 சதவீதம், மருந்து மட்டும் என்றால் 12.7. ஸ்கேனில் கசிவு தெரிந்தவர்கள் குழாய் பக்கம்தான் அதிகம், 58 சதவீதம். அப்படியும் மொத்தத்தில் லாபம் குழாய்க்குத்தான். அமெரிக்கா, சீனா, ஐரோப்பா சோதனைகளும் பிறகு அதே பக்கம் நின்றன. ஆனால் இங்கே 'தேறுவது' என்பதன் பொருள் வேறு. பழைய ஆள் திரும்பி வருவது அபூர்வம். படுத்த படுக்கையா, கையைப் பிடித்து நடப்பதா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள்.

பின்மூளைக் குழாயில் அடைப்பு என்றால்?

பேசிலார் தமனி. மூச்சு, விழிப்பு, விழுங்குவது எல்லாம் இதை நம்பி இருக்கின்றன. அடைத்தால் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பிறகு மயக்கம். வாய் கோணாததால் 'பித்தம்' என்று எலுமிச்சை ஜூஸ் கொடுத்து உட்காரவைப்பது நம் வீடுகளில் நடக்கிறது. முதலில் வந்த சோதனைகள் தெளிவான பதில் தரவில்லை. 2022-ல் சீனாவின் அட்டென்ஷன் சோதனை தந்தது: 12 மணி நேரத்துக்குள் குழாய் பெற்றவர்களில் 37 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்து மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர். மோசமான நோய், ஆனாலும் வித்தியாசம் பெரிது.

அப்படியானால் எந்த அடைப்பாக இருந்தாலும் குழாய்தானே நல்லது?

அதுதான் இல்லை. பெரிய குழாயில் கிடைத்த வெற்றியைப் பார்த்துவிட்டு நடுத்தர, சிறிய கிளைகளிலும் கம்பிவலை விட ஆரம்பித்தார்கள். 2025 பிப்ரவரியில் டிஸ்டல், எஸ்கேப் மீவோ என்ற இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. இரண்டிலும் குழாயால் ஆதாயம் இல்லை. எஸ்கேப் மீவோவில் குழாய் பக்கம் 13.3 சதவீதம் பேரும் மருந்து பக்கம் 8.4 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். கிளை சிறுக்கச் சிறுக்க ரத்தக்குழாய்ச் சுவர் மெலிகிறது, வளைவு கூடுகிறது. ஊசிக்கோ அங்கே கரைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே "சின்ன கிளைதான், மருந்துலயே பார்த்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னால் அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

கட்டி இல்லை, "மூளைக் குழாய் சுருங்கியிருக்கு" என்கிறார்கள். இதயத்துக்கு வைப்பதுபோல ஸ்டென்ட் வைக்கலாமா?

இந்தக் கேள்வி நமக்கு ரொம்பவே சம்பந்தப்பட்டது. மண்டைக்குள் இருக்கும் குழாயில் கொழுப்புப் படிந்து சுருங்குவது வெள்ளையர்களைவிட ஆசியர்களுக்கு அதிகம். படத்தில் 80 சதவீதச் சுருக்கம் என்று பார்த்ததும் 'விரித்துவிட்டால் என்ன' என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்க டாக்டர்களுக்கும் தோன்றியது.

சாம்பிரிஸ் என்று ஒரு சோதனை. 70 முதல் 99 சதவீதம் வரை சுருக்கம் உள்ள, சமீபத்தில் ஸ்ட்ரோக்கோ, அதன் முன்னறிவிப்பாக வந்து தானே சரியாகும் சிறு தாக்குதலோ வந்தவர்கள். ஒரு பாதிக்கு ஸ்டென்ட், அதோடு மருந்து. இன்னொரு பாதிக்கு மருந்து மட்டும், ஆனால் கறாராக: 90 நாள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து, கெட்ட கொலஸ்ட்ரால் 70-க்குக் கீழே, மேல் பிபி 140-க்குக் கீழே, உணவு, நடை, புகையை நிறுத்த ஆள் வைத்துப் பேசுவது. 451 பேர் சேர்ந்தபோது, 2011-ல், ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். முப்பது நாளுக்குள் ஸ்ட்ரோக் அல்லது மரணம் ஸ்டென்ட் பக்கம் 14.7 சதவீதம், மருந்து பக்கம் 5.8.

காரணம் இடத்தில் இருக்கிறது. நடு மூளைத் தமனியிலிருந்தும் பேசிலாரிலிருந்தும் மயிரிழை போன்ற கிளைகள் மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. ஸ்டென்ட் விரியும்போது கொழுப்புப் படிவு நசுங்கி அந்தக் கிளைகளின் வாயை அடைத்துவிடும். 2022-ல் சீனாவில் ஆளையும் டாக்டரையும் இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுத்துச் செய்து பார்த்தார்கள். அப்போதும் ஸ்டென்ட்டுக்கு மருந்தைவிட மேலான பலன் இல்லை. ஸ்டென்ட் இல்லாமல் பலூனை மட்டும் பாதியளவு மெதுவாக விரிப்பது பலன் தரலாம் என்று 2024-ல் அங்கிருந்தே ஒரு சோதனை வந்திருக்கிறது. இன்னும் எல்லா இடத்துக்கும் வழக்கமாகவில்லை.

ஆக, ஒரே டாக்டர் ஒருவருக்குக் 'குழாய், உடனே' என்றும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 'மாத்திரை போதும்' என்றும் சொன்னால் ஆளைப் பார்த்துப் பேசுகிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். ஒருவருக்குத் திடீரென்று வந்து அடைத்த கட்டி, இன்னொருவருக்குப் பல வருஷமாகப் படிந்த சுருக்கம். கழுத்தில் இருக்கும் குழாயின் சுருக்கம் மூன்றாவது வகை, அதில் அறுவை சிகிச்சைக்கு நல்ல இடம் இருக்கிறது.

நேரே குழாய்க்குப் போய்விட்டு ஊசிச் செலவை மிச்சம் பிடிக்கலாமா?

ஆறு சோதனைகள் இதைப் பார்த்தன. சேர்த்துக் கணக்குப் போட்டபோது, ஊசியை விடுவது ஊசி போடுவதற்குச் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை. அறிகுறி வந்து 2 மணி 20 நிமிஷத்துக்குள் ஊசி போட்டவர்களுக்குத் தெளிவான ஆதாயம் இருந்தது. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் போன்றோருக்கு ஊசி கூடாது. அவர்களுக்குக் குழாய் மட்டும்.

85 வயது. இந்த வயசில் எதற்கு?

80 தாண்டியவர்களுக்கும் பலன் இருந்ததை அந்த ஐந்து சோதனைகளே காட்டின. ஸ்ட்ரோக்குக்கு முதல் நாள் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் முக்கியம். கோயிலுக்கு நடந்து போய்வந்த பாட்டியும், ஒரு வருஷமாகப் படுக்கையில் இருந்த பாட்டியும் ஒன்றில்லை.

விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஆகாது. புறா ரத்தம் தடவினாலும் ஆகாது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவும் வேண்டாம், உள்ளே இருப்பது கசிவாக இருந்தால் அதை வளர்த்துவிடுவீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், புரை ஏறும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எதை எடுத்துப் போக வேண்டும்?

ஒரு நேரத்தையும் ஒரு கவரையும். அறிகுறியைப் பார்த்த நேரம் போதாது, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். எங்களிடம் கேட்டபோது பெரியம்மா "காலைல" என்றார். காலை என்றால் ஐந்தா எட்டா? பால்காரர் வந்தபோது பேசினார், அப்போது ஆறரை என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தோம். கவரில் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் அள்ளிப் போடுங்கள், பெயர் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதில் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடக்கூடிய ஒருவர் ஆம்புலன்ஸிலேயே ஏறட்டும். துபாய் அண்ணனுக்கு வழியிலேயே போன் போடலாம்.